சோப்பு ஆண்பால், துண்டு பெண்பால்: பிளஸ் ஒன் ஃபிரெஞ்சுக்கு அக்கா டிப்ஸ்

ஜூன் பிறந்தா தென்காசியில ரெண்டு காரியம் ஒண்ணா நடக்கும். மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கும், பள்ளிக்கூடம் திறக்கும். தமிழ்ப் பாடம் கட்டாயம்னு 2006-ல சட்டம் போட்டு, அது படிப்படியா பத்தாவது வரைக்கும் வந்துருச்சு. அதனால தனியார் பள்ளிக்கூடங்கள்ல "மொழிப்பாடம் தமிழா, ஃபிரெஞ்சா?"ங்கிற கேள்வி பிளஸ் ஒன் சேரும்போதுதான் வருது. "ஃபிரெஞ்சு எடு, மார்க்கை அள்ளிரலாம்"னு வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு மாமா சொல்லியிருப்பாரு. நீயும் எடுத்துட்டே. தமிழை விட்டுட்டுப் போறதுல எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஆனா அந்தச் சண்டையை இப்ப இழுக்கலை. எடுத்தது எடுத்தாச்சு, ஒழுங்காப் படி.

முதல் மாசமே காலை வாருறது வினைச்சொல் இல்ல. பெயர்ச்சொல்லுக்கு முன்னால நிக்கிற குட்டிச் சொல்தான். வகுப்புல இதை இன்டெஃபினிட் ஆர்டிகல்னு சொல்லுவாங்க. மொத்தமே மூணு: அன், யூன், தே. ஆண்பால் ஒருமைக்கு அன், பெண்பால் ஒருமைக்கு யூன், பன்மைன்னா ரெண்டு பாலுக்கும் தே. "இம்புட்டுதானாக்கா?"ன்னு கேப்பே. இம்புட்டுதான். ஆனா பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் இந்த மூணுலதான் மார்க் கசியும்.

எழுத்தை முதல்ல சரி பண்ணிக்கோ. அன்னுக்கு யு, என். யூனுக்கு அதோட கடைசியில ஒரு இ. தேவுக்கு டி, இ, எஸ்; அந்த எஸ் வாயில வராது. உச்சரிப்புல, அன்னைச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடாது. சத்தம் மூக்குக்குள்ள போய் அப்படியே முடியணும். யூனுக்கு, ஊ சொல்லப்போற மாதிரி உதட்டைக் குவிச்சு வச்சுக்கிட்டு உள்ளே ஈ சொல்லு. கடைசி ன் நல்லா விழணும். தே, நம்ம செண்பகாதேவி அருவியில இருக்கிற தே. இந்த மூணையும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாரு. வீட்டுல சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

இப்ப அக்கா சொல்ல வந்த விஷயத்துக்கு வருதேன். ஃபிரெஞ்சுப் பெயர்ச்சொல்லைத் தனியா மனப்பாடம் பண்ணாதே. கஸ்காத்னா அருவின்னு நோட்டுல எழுதாதே. யூன் கஸ்காத்னு எழுது. வாயிலயும் அப்படியே சொல்லிப் பழகு. நம்ம தமிழ்ல பெயர்ச்சொல் தனியா நடமாடும். "குரங்கு வந்துச்சு", "பஸ் நிக்குது"ன்னா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஒரு குரங்கா, அந்தக் குரங்கானு கேக்குறவனுக்கே தெரியும். ஃபிரெஞ்சுல அப்படி வெறும் பெயர்ச்சொல்லை வாக்கியத்துக்குள்ள விட்டா, துண்டு இல்லாம அருவிக்குக் கிளம்பின மாதிரிதான். முன்னால ஏதாவது ஒண்ணு வேணும். அது அன்னா யூனாங்கிறதுக்கு அந்தப் பொருள் ஆண்பாலா பெண்பாலான்னு தெரியணும். மலைக்கும் குடைக்கும் பால் சொல்லி நமக்குப் பழக்கம் கிடையாது. உயர்திணைக்குத்தான் நாம ஆண்பால் பெண்பால் பார்ப்போம். அதனால யோசிச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது, சொல்லோட ஒட்டியே மனசுல ஏத்தணும்.

எங்கே இருந்து ஆரம்பிக்க? புத்தகத்துல பாரிஸ் மெட்ரோவும் ஈஃபிள் டவரும் இருக்கும், அது இருந்துட்டுப் போகட்டும். சீசனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டோட குற்றாலம் போவீங்கல்ல, அந்தப் பையைத் திறந்து பாரு. துண்டு, யூன் ஸெர்வியெத். சோப்பு, அன் ஸவோன். குடை, அன் பரப்ளுயி. வேடிக்கை என்னன்னா மழைக்கு ப்ளுயின்னு பேரு, அது பெண்பால். அதையே உள்ளே வச்சிருக்கிற குடை ஆண்பால். வினைச்சொல்லையும் பெயரையும் சேர்த்துக் கட்டின சொற்கள் எல்லாம் பெரும்பாலும் ஆண்பால்தான், அதான் காரணம். பையை விட்டு வெளியே பாரு: மலை, யூன் மோன்தாஞ். காடு, யூன் ஃபொரே. மரம், அன் ஆர்ப்ர். பாலம், அன் போன். குற்றாலநாதர் கோயில், அன் தாம்ப்ள். கோயில் மதில்ல உக்காந்து உன் கைப்பையையே பார்த்துக்கிட்டு இருக்கிறது, அன் ஸேன்ஜ், குரங்கு.

பழக்கடைப் பக்கம் வந்தா ஒரு நல்ல சூத்திரம் கிடைக்கும். ஃபிரெஞ்சுல மரங்கள் அநேகமா எல்லாம் ஆண்பால். பழம், எழுத்துல இ-யில முடிஞ்சா பெரும்பாலும் பெண்பால், இல்லாட்டி ஆண்பால். மாமரம், அன் மாங்கியே. மாம்பழம், யூன் மாங்க். வாழை, அன் பனானியே. வாழைப்பழம், யூன் பனான். கொய்யாப்பழம், யூன் கொயாவ். எலுமிச்சை, அன் ஸித்ரோன். சீசன்ல குற்றாலம் பஜார்ல கூறு கட்டி வச்சிருக்கிற மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் மூணும் ஆண்பால்: அன் மாங்குஸ்தான், அன் ராம்பூத்தான், அன் துரியான். பம்ப்ளிமாஸ் மட்டும் இ-யில முடிஞ்சும் ஆண்பாலா நிக்கும், அன் பாம்ப்லமூஸ்.

நம்ம வார்த்தைகளே ஃபிரெஞ்சுக்குள்ள போய் உக்காந்திருக்கு, அதையும் பாத்துக்கோ. கட்டுமரம் அங்கே போய் அன் கதமரான் ஆச்சு. வெட்டிவேர் வெதிவேர் ஆச்சு, அதுவும் ஆண்பால். கறியும் போச்சு, ஆண்பால். வெளிமொழிச் சொல்லை ஃபிரெஞ்சுக்காரங்க எடுத்தா அநேகமா ஆண்பால்ல போட்டுருவாங்க. இட்லியும் சேலையும்கூட அங்கே அன் இட்லி, அன் ஸாரிதான். மாங்காய் மட்டும் மலையாளக் கரையில போர்த்துக்கீசியர் கப்பல் ஏறிச் சுத்திப் போனதால பெண்பாலாப் போய்ச் சேர்ந்துச்சு.

சொல்லோட வாலைப் பார்த்தும் ஓரளவு சொல்லிரலாம். இங்கிலீஷ் ஸ்டேஷன், கொஸ்டின் மாதிரி டி-ஐ-ஓ-என்ல முடிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு யூன் போடு: யூன் ஸ்தாஸியோன், யூன் கெஸ்தியோன். எத்னு முடியுற ஸெர்வியெத், ஆத்னு முடியுற கஸ்காத், ஸலாத், ப்ரொம்னாத் எல்லாம் யூன். ஏ-ஜி-இ-யில முடிஞ்சா அன்: அன் விலாஜ், அன் வொயாஜ், அன் கராஜ். ஆனா கடற்கரை, படம், பக்கம், கூண்டு, இந்த நாலும் அதே வாலோட பெண்பாலா நிக்கும்: ப்லாஜ், இமாஜ், பாஜ், காஜ். இந்த நாலை மட்டும் நோட்டோட பின் அட்டையில எழுதிக்கோ, கேள்வித்தாள்ல விதியைவிட விதிவிலக்கைத்தான் விரும்பிக் கேப்பாங்க. மான்னு முடியுற மெதிகமான், மருந்து, அன். ஓன்னு முடியுற கேக், தொப்பி, படகு அன்; ஆனா தண்ணி பெண்பால்.

தே விஷயத்துக்கு வருவோம். தமிழ்ல இதுக்கு ஈடு கிடையாது, இங்கிலீஷ்லயும் கிடையாது. அதனாலதான் நம்ம பிள்ளைக எல்லாரும் இதை விட்டுடுதாங்க. "குற்றாலத்துல குரங்குகள் இருக்கு"ன்னு சொல்லணும். இங்கிலீஷ் வழியா யோசிச்சா இலியா ஸேன்ஜ்னு வாயில வரும். தப்பு. இலியா தே ஸேன்ஜ். எத்தனைன்னு சொல்லலைன்னாலும், எதுன்னு குறிப்பிடலைன்னாலும், ஒண்ணுக்கு மேல இருந்தா தே வந்தே ஆகணும். இதைத் தமிழ்ல பெயர்க்கும்போது "சில குரங்குகள்"னு எழுதாதே; வெறும் "குரங்குகள்" போதும். சிலன்னு அழுத்திச் சொல்லணும்னா அதுக்கு கெல்க்னு தனிச் சொல் இருக்கு.

எழுதி முடிச்சதும் பேப்பரைத் திருப்பிப் படிக்கும்போது ஒரே ஒரு வேலை செய்: எஸ்ஸிலயோ எக்ஸிலயோ முடியுற ஒவ்வொரு பன்மைப் பெயரிலயும் பென்சிலை வச்சு, அதுக்கு முன்னால என்ன நிக்குதுன்னு பாரு. ஒண்ணும் இல்லாம காலியா இருந்தா, பத்துக்கு ஒன்பது இடத்துல அங்கே ஒரு தே விட்டுப்போயிருக்கும்.

உயிரெழுத்துல ஆரம்பிக்கிற சொல் வந்தா சத்தம் மாறும். நண்பன், அமி. அன் அமின்னு பிரிச்சுச் சொல்லாதே, அன்னமின்னு ஓடணும். தே அமின்னும் நிக்காதே. அதுவரைக்கும் ஊமையா இருந்த எஸ் அங்கே இசட்டா அதிர்ந்து, தேஸமின்னு வரும். எச்-ல ஆரம்பிக்கிற சில சொல்லுக்கு மட்டும் இந்த ஒட்டு கிடையாது. வீரன், எரோ. தே எரோன்னு விட்டுத்தான் சொல்லணும். ஒட்டிச் சொன்னா தேஸெரோன்னு கேக்கும், வீரர்கள் எல்லாம் சைபர் ஆயிருவாங்க. ஃபிரெஞ்சுக்காரங்களே இதைச் சொல்லிச் சிரிப்பாங்க.

அன் எப்ப, ல எப்பன்னு அடுத்த குழப்பம். இதை நம்ம பாட்டிமார் கதையே தீர்த்து வைக்கும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு..." முதல் தடவை ஒரு, அடுத்த தடவை அந்த. ஃபிரெஞ்சுலயும் கதை அப்படித்தான் தொடங்கும்: இல் எத்தே யூன் ஃபுவா, ஒரு காலத்துலன்னு அர்த்தம். கேக்குறவங்களுக்கு இன்னும் அறிமுகம் ஆகாததுன்னா அன், யூன், தே. அறிமுகம் ஆனபிறகு ல, லா, லே. குற்றாலத்துல தினமும் நடக்குற கதையை எழுதிப் பாரு. அன் ஸேன்ஜ் ப்ரான் யூன் பனான்: ஒரு குரங்கு ஒரு வாழைப்பழத்தை எடுக்குது. ல ஸேன்ஜ் மாஞ்ஜ் லா பனான்: அந்தக் குரங்கு அந்தப் பழத்தைத் தின்னுது. ரெண்டாவது வரியிலயும் அன் போட்டியானா, வேற ஒரு குரங்கு வந்து வேற ஒரு பழத்தைத் தின்னுட்டுப் போகுதுன்னு ஆயிரும்.

கிழமைக்கும் இதே கணக்கு. திமான்ஷ்னு சும்மா சொன்னா இந்த ஞாயிறு. ல திமான்ஷ்னா ஞாயிறுதோறும். அன் திமான்ஷ்னா ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுரையை "ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள்..."னு ஆரம்பிக்கிற ஆசை எல்லாருக்கும் உண்டு, அதுக்கு அன் திமான்ஷ்.

ஒண்ணை மட்டும் தனியாச் சொல்லிடுதேன். பிடிக்கும், பிடிக்காதுன்னு சொல்லும்போது அன்னும் தேவும் வராது. "எனக்கு மாம்பழம் பிடிக்கும்": ஜெம் லே மாங்க். மாம்பழம்ங்கிற இனமே பிடிக்கும்னு அர்த்தம், அதனால லே. தே மாங்க்னு எழுதாதே. "எனக்குப் பிடித்தவை"ன்னு பத்து வரிக் கட்டுரை கேட்டா பத்து வரியிலயும் இதே தப்பு வரும்.

சரி, இனி இல்லைன்னு சொல்லுற இடம். இதுலதான் அதிகமாச் சறுக்குது, அதனால நிதானமா வா.

குற்றாலம் அருவிகள்ல சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போட்டுக் குளிக்கக் கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கு தெரியும்ல. அந்தத் தடையைச் சுருக்கமா ஃபிரெஞ்சுல ஒரு பலகையா எழுதுன்னு வச்சுக்கோ. பா த ஸவோன். பா த ஷாம்ப்வான். பா துயில். முதல் ரெண்டுலயும் அன் எங்கே போச்சு பாரு. இல்லைன்னு வந்துட்டா அன், யூன், தே மூணுமே த-ன்னு ஆயிரும். டி, இ, ரெண்டே எழுத்து. இதுக்கு ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதுவும் கிடையாது. அடுத்த சொல் உயிர்ச்சத்தத்துல ஆரம்பிச்சா அந்த இ-யும் விழுந்து வெறும் டி ஒட்டிக்கும். எண்ணெய்க்கு உயில்னு பேரு, அதான் பா துயில் ஆச்சு.

வாய்த்தேர்வுல குடும்பத்தைப் பத்திக் கேக்காம விட மாட்டாங்க. தம்பி இருந்தா ஜே அன் ஃப்ரேர். இல்லாட்டி ஜ நே பா த ஃப்ரேர். பா அன் ஃப்ரேர்னு சொல்லிடாதே. "ஒரு தம்பிகூட இல்ல"ன்னு நாம அழுத்திச் சொல்லுற பழக்கத்துல அது வந்துரும். அருவியில தண்ணி வரத்து நின்னுபோச்சா? இல் நியா பா தோ. பஸ்ல இடம் இல்லையா? இல் நியா பா த ப்லாஸ்.

இதுக்கு ஒரு விலக்கு இருக்கு, அதைத் தெரிஞ்சவளுக்குத்தான் முழு மார்க். "அது குரங்கு இல்ல": ஸ நே பா அன் ஸேன்ஜ். இங்கே அன் மாறவே இல்ல. ஏன்? பொருள் இல்லைன்னு நீ சொல்லலை. இருக்கிற பொருள் வேறன்னு சொல்லுதே. மதில்ல ஏதோ ஒண்ணு உக்காந்துதான் இருக்கு, அது குரங்கு இல்ல, அவ்வளவுதான். தமிழ்லகூட "குரங்கு இல்லை", "குரங்கு அல்ல"ன்னு எழுத்து வழக்குல பிரிப்போமே, பேச்சுல ரெண்டையும் இல்லைக்குள்ள போட்டுட்டோம். எழுதும்போது இந்தச் சோதனையைப் போட்டுக்கோ: அல்லன்னு வர்ற இடத்துல அன், யூன், தே அப்படியே நிக்கும், இல்லைன்னு வர்ற இடத்துல த. தமிழை விட்டுட்டு வந்தவளுக்குத் தமிழ் இலக்கணம்தான் கை கொடுக்குது பாத்தியா!

இன்னொண்ணு, ல, லா, லே மூணும் இல்லைங்கிறதுக்காக மாறாது. "எனக்கு மாம்பழம் பிடிக்காது"ன்னா ஜ நெம் பா லே மாங்க்தான்.

குளிச்சு முடிச்சா பசிக்கும், செங்கோட்டை ரோட்டுல பிரானூர் பார்டருக்கு வண்டி திரும்பும். அங்கே உக்காந்து ஜ மாஞ்ஜ் அன் பூலேன்னு சொன்னியானா, ஒரு முழுக்கோழியையும் நீ ஒருத்தியே முடிக்கிறேன்னு அர்த்தம். பரோட்டாவுக்குத் தொட்டுக்க ரெண்டு துண்டு கோழிக்கறின்னா ஜ மாஞ்ஜ் த்யூ பூலே. எண்ண முடிஞ்சா அன், யூன். எண்ணாம அளவுல எடுத்துக்கிட்டா ஆண்பாலுக்கு த்யூ, பெண்பாலுக்கு த லா, உயிர்ச்சத்தம் முன்னால வந்தா த ல். பால் த்யூ லே, தண்ணி த லோ. ஆனா கடையில காப்பி கேக்கும்போது அன் கஃபேன்னே சொல்லலாம். ஒரு கப்புன்னு அதுலயே அடங்கிருச்சு, நாம "ஒரு காப்பி, ரெண்டு டீ"ன்னு சொல்லுற மாதிரிதான்.

இந்தப் பாகுபாடு காத்து மழைக்கும் உண்டு. காத்தடிக்குது, இலியா த்யூ வான். அதுக்கு ஒரு அடைமொழி சேர்ந்தா அன் வந்துரும்: குளிர்ந்த காத்து, அன் வான் ஃப்ருவா. சாரலைப் பத்தி எழுதணும்னா யூன் ப்ளுயி ஃபீன், மெல்லிய மழை. ஃபிரெஞ்சுல சாரலுக்கு இதுதான் கிட்டத்துல வரும். முழுசா வராது, போகட்டும்.

அளவு சொல்லும்போது மறுபடியும் த. போகூ த, நிறைய. அன் ப்ப த, கொஞ்சம். அன் கீலோ த, ஒரு கிலோ. ஞாயித்துக்கிழமை மெயின் அருவியைப் பார்த்து இலியா போகூ த மோந்த், செமக் கூட்டம்னு சொல்லலாம். இது ஃபிரெஞ்சுக்காரங்க தினமும் சொல்லுற வார்த்தை, அப்படியே வச்சுக்கோ. போகூ தே-ன்னு எழுதினா சிவப்பு மை. பாரிஸ்ல லா ஷப்பேல்னு ஒரு இடம், கார் து நோர் ரயில் நிலையம் பக்கத்துல. ஈழத்திலிருந்து போன நம்ம ஆளுங்க கடை வரிசையா இருக்கும், வருஷா வருஷம் மாணிக்க விநாயகர் தேரும் அந்தத் தெருக்கள்லதான் ஓடும். அங்கே போய்க் கத்தரிக்காய் வாங்கினா தமிழ்லயே வாங்கிரலாம். ஃபிரெஞ்சுலதான் கேப்பேன்னு நின்னா, அன் கீலோ தோபெர்ஜீன். ஒரு கட்டு மல்லித்தழை, யூன் பொத் த கொரியாந்தர். பை, பாக்கெட், கட்டு, பாட்டில், எதுவா இருந்தாலும் பின்னால த மட்டும்தான்.

நூறு, ஆயிரத்துக்கு நம்மளைப் போலவே அவங்களும் ஒண்ணு சேர்க்க மாட்டாங்க. நூறு ரூபாய், ஸான் ரூப்பி. ஆயிரம், மில். மில்லியனுக்குப் போனா அன் மில்லியோன் த ரூப்பி. அங்கே அன்னும் வேணும், த-வும் வேணும்.

தொழில் சொல்லுறதுல இங்கிலீஷ் நம்மளைக் கெடுக்கும். "நான் பிளஸ் ஒன் மாணவி"ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல முன்னால ஒரு ஆர்டிகல் வரும். ஃபிரெஞ்சுல தமிழ் மாதிரி: ஜ ஸுயி லிசேயென். நடுவுல ஒண்ணும் இல்ல. எத்யூதியாந்த்னு பல பிள்ளைக எழுதுதாங்க. அது காலேஜ் பிள்ளைகளுக்கு, மேல்நிலைப் பள்ளின்னா லிசேயென். அப்பா டிரைவர்னா மோன் பேர் எ ஷோஃபர். ஆனா ஸேன்னு ஆரம்பிச்சா அன் வந்துரும்: ஸே அன் ஷோஃபர். "நல்ல டிரைவர்"னு சேர்த்தா ஸே அன் போன் ஷோஃபர். இதை ரெண்டு நெட்டுருவா வச்சுக்கோ. யோசிச்சா குழம்பும்.

பன்மைப் பெயருக்கு முன்னால அடைமொழி வந்தா தே, த-ன்னு குறுகும். அழகான அருவிகள், த பெல் கஸ்காத். பேச்சுல ஃபிரெஞ்சுக்காரங்களே தே-ன்னு விட்டுடுவாங்க. பரீட்சையில நீ விடாதே. அடைமொழி பின்னால வந்தா மாற்றமே இல்ல: தே ஃப்ளர் ரூஜ், சிவப்புப் பூக்கள். அழகு, பெரிசு, சின்னது, நல்லதுங்கிற நித்திய அடைமொழிகள்தான் முன்னால வரும், நிறம் எப்பவும் பின்னால. பச்சைப் பட்டாணி மாதிரி ரெண்டு சொல்லும் சேர்ந்தே ஒரு பேரா ஆயிட்டா தே-தான், தே ப்தி புவா.

பள்ளிக்கூடப் பரீட்சையைத் தாண்டி டெல்ஃப்ங்கிற ஃபிரெஞ்சுத் தேர்வு எழுதுற எண்ணம் இருந்தா, முதல் படி ஏ ஒன். சென்னை அலியான்ஸ் ஃபிரான்ஸேஸ்ல வைப்பாங்க. சாயங்காலம் பொதிகை ரயில் ஏறினா காலையில சென்னை. கேக்குறது, படிக்கிறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25, மொத்தம் 100. தேற 50 வேணும். எந்தப் பகுதியிலயும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேசுறதுக்கு முன்னால 10 நிமிஷம் தயார் பண்ண விடுவாங்க. கடைசிக் கட்டத்துல தேர்வாளர் கடைக்காரரா இருப்பாரு, நீ எதையாவது வாங்கணும், டிக்கெட் எடுக்கணும், விலை கேக்கணும். அந்த 10 நிமிஷத்தை வாக்கியம் எழுதிப் பார்த்து வீணாக்காதே. வாங்க வேண்டிய பொருள்களை மட்டும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் முன்னால அன், யூன், தே, த்யூ, எது வரும்னு குறிச்சுக்கோ. பேச்சுக்கு ஜ வூத்ரே, அதாவது "எனக்கு வேணும்"ங்கிற மரியாதைச் சொல் ஒண்ணு போதும், பொருளைப் பின்னால ஒட்டிக்கிட்டே போகலாம்.

இதுக்குப் பயிற்சிக் கூடம் தேடி அலைய வேண்டாம். ஐந்தருவிப் பாதையில ரெண்டு பக்கமும் கடைதான். நடந்துக்கிட்டே ஒவ்வொரு கடையையும் மனசுக்குள்ள கேளு: ஜ வூத்ரே யூன் ஸெர்வியெத், ஜ வூத்ரே அன் மாங்குஸ்தான், ஜ வூத்ரே தே பனான். கூட வர்ற தங்கச்சியோ தம்பியோ இருந்தா அவங்களைக் கடைக்காரரா நிறுத்தி, இல்லைன்னு சொல்ல வை: இல் நியா பா த ஸெர்வியெத். ஒரு ஆள் கேக்கணும், ஒரு ஆள் இல்லைன்னு சொல்லணும். அன்னும் யூனும் த-வா மாறுறது அப்பத்தான் நாக்குல ஏறும். அப்பா "என்னட்டி முணுமுணுக்குதே, நடையைக் கட்டு"ன்னு சத்தம் போட்டா அடுத்த கடைக்கு நகர்ந்துரு.

தேர்வாளர் முன்னால யூன் வர வேண்டிய இடத்துல அன் வாயில வந்துட்டா, கையை உதறிக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்காதே. பார்தோன், யூன் ஸெர்வியெத்னு சொல்லித் திருத்திட்டு, விலை என்னன்னு அடுத்த கேள்விக்குப் போயிரு.